வைத்தியநாதன் சன்னதியில் என் கைகள்

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நான் போனது அம்மாவின் வேண்டுதலுக்காக. எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்த புதிதில், காலையில் எழுந்தால் விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டம்ளரைப் பிடிக்க முடியாது, தலை வாரிக்கொள்ள முடியாது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, "வைத்தியநாதா, இவளை எழுப்பி விடு. உன் வாசலுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து கைக்கும் காலுக்கும் வெள்ளியில் உரு செலுத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். முடிச்சு அப்படியே இருக்க அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைச் செலுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. செவ்வாய்க்கிழமைதான் போக வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான்.

சர்க்கரை எனக்கு அதற்கு முன்பே இருந்தது. மூட்டு வலி மட்டும் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். கூடவே சர்க்கரையும் இருந்தால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறது. வீக்கம் தாங்க முடியாமல் போனால் ஸ்டீராய்டு எழுதுவார்கள். விரல் வீக்கம் இறங்கும், சர்க்கரை ஏறும். உடனே இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டும். ஊரெல்லாம் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையை நான் தொடக்கூடாது. சர்க்கரையால் ஏற்கெனவே களைத்திருக்கிற சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். முடக்குவாதத்துக்குப் போடுகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் மாத்திரை டப்பாவின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள் என் மகள்.

இதிலெல்லாம் எனக்குப் பெரிய கஷ்டம் இன்சுலின் பேனாதான். அதன் தலையைக் கட்டைவிரலால் கடைசி வரை அழுத்தி, ஊசியை எடுக்காமல் சில விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கியிருக்கிற நாளில் அந்தச் சில விநாடி ஒரு யுகம். இன்னொன்றும் உண்டு. சர்க்கரை என் பாதங்களை மரக்க வைத்துவிட்டது. முட்டி எல்லாவற்றையும் சொல்கிறது, பாதம் எதையும் சொல்வதில்லை. கல் குத்தினாலும் சுட்டாலும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவள் கோயில் பிரகாரத்தில் எப்படி நடப்பேன் என்பதுதான் கிளம்பும் வரைக்கும் மகளுக்குக் கவலை. கடைசியில் டாக்டரிடமே கேட்டோம். கெட்டியான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், விரதம் மட்டும் வேண்டாம், சாப்பிட்டு ஊசி போட்டுக்கொண்டு போங்கள் என்றார். சரி, அதுவும் சுவாமி உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பிதான் கார் ஓட்டினான். உட்கார்ந்தே இருந்தால் முட்டி பூட்டிக்கொள்ளும் என்பதால் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, இறங்கி நாலடி நடந்து, மறுபடி ஏறினேன். ஒரு தடவைகூட அவன் முகம் சுளிக்கவில்லை. சீர்காழி தாண்டிக் கோபுரம் கண்ணில் பட்டதும், "அக்கா, அம்மாவும் வண்டியில இருக்கிற மாதிரியே இருக்கு" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

கார் நின்றதும் சூழ்ந்துகொண்டார்கள். நாடி ஜோசியத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள். கதவைத் திறக்கக்கூட விடவில்லை. அந்த ஊரில் ஓலை பார்ப்பது காலம் காலமாக நடப்பதுதான், நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும். ஆனால் நோயோடு வருகிறவர்களைப் பார்த்துக் குறி வைப்பது என்ன நியாயம்? ஒருவர் என் கோணல் விரல்களைப் பார்த்துவிட்டு, "இந்த வியாதிக்கு ஓலையில பரிகாரம் இருக்கும்மா, பண்ணிட்டா மாத்திரையே வேண்டாம்" என்றார். வயிறு எரிந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து கை கால் முடங்கிப் போனவர்களை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். வைத்தியனுக்கெல்லாம் வைத்தியன் உட்கார்ந்திருக்கிற வாசலில் நின்று மருந்தை விடச் சொல்லலாமா? அப்பர் பெருமான் இதே ஊருக்கு வந்து இவரை மந்திரம், தந்திரம், மருந்து என்று மூன்றுமாகப் பாடியிருக்கிறார். மருந்தும் அவர்தான். என் டப்பாவில் இருக்கிற மாத்திரையை நான் அப்படித்தான் விழுங்குகிறேன்.

உள்ளே கூட்டமான கூட்டம். செவ்வாய் கிரகமான அங்காரகனுக்கு உரிய தலத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் சொல்ல வேண்டுமா? வரிசை நகரவே இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், குழந்தைகள் அழுகின்றன, போனைத் தூக்கிப் படம் எடுக்கிறவர்களின் முழங்கை நம் தோளில் இடிக்கிறது. எனக்கோ யாராவது விரலில் லேசாக இடித்தாலே உயிர் போகும். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். நேரம் ஆக ஆக உதடு மரத்தது, கழுத்தில் வேர்த்தது, கண்ணுக்கு முன்னால் விளக்குகள் கலங்கின. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. சாப்பிட்டுத்தான் ஊசி போட்டிருந்தேன், ஆனால் அடுத்த வேளையைத் தாண்டி வரிசை இழுத்துவிட்டது. மகள் குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினாள். முன்னே நின்றிருந்த ஒரு வயதான அம்மா, "அந்தப் பொண்ணு உட்காரட்டும், வழி விடுங்கப்பா" என்று அதட்டி, மண்டபத்துத் தூண் பக்கத்தில் இடம் பண்ணிக் கொடுத்தார். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு. அந்த 15 நிமிடமும் அந்த அம்மா தன் இடத்தை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருந்தார். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. தன் முந்தானையால் என் கழுத்து வேர்வையைத் துடைத்தார். இந்தக் கோயில் அம்பாள் தையல்நாயகியே வரிசையில் வந்து நின்றாள் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. சுவாமி வைத்தியராக வந்தபோது கூடவே தைலப் பாத்திரம் ஏந்தி வந்தவள் அல்லவா அவள்.

அப்புறம் எங்களை ஓரமாக உள்ளே விட்டார்கள்.

மேற்குப் பார்த்த சன்னதி. தீபம் காட்டினார்கள். எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போயின. என் கைகள் போகவில்லை. தோள் ஒத்துழைக்காது. மார்புக்கு நேரே குவிக்கலாம் என்றால் உள்ளங்கைகள் சேராது. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் நடுவே பெரிய இடைவெளி விழும். அவை ஒன்றோடொன்று கோணிக்கொண்டு நிற்கும். வருஷக்கணக்காக அப்படித்தான் கும்பிடுகிறேன். அன்றைக்கு அந்த இடைவெளி வழியாகவே தீபம் தெரிந்தது. லிங்கத்தின் மேல் வெளிச்சம் ஏறுகிறது, இறங்குகிறது, என் விரல்களுக்கு நடுவில். கூப்பிய கையின் வழியாக எத்தனை பேருக்கு அவரைப் பார்க்கக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. அழுதேன். சத்தமாகவே அழுதேன். "நகருங்க, நகருங்க" என்ற குரல் காதில் விழுந்தும் கால் நகரவில்லை.

வேண்டிக்கொள்ள நீளமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "இந்த வலது கட்டைவிரலை மட்டும் எனக்கு விட்டு வை அப்பா. என் ஊசியை நானே போட்டுக்கொள்ள வேண்டும்." குருக்கள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். திருநீறு வாங்க நான் கை நீட்டினேன். என் உள்ளங்கை குழியாது, வைத்தது எல்லாம் விரலிடுக்கில் ஒழுகிவிடும். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் பொட்டலம் மடித்து மகளிடம் கொடுத்தார். மீதியை எடுத்து என் கட்டைவிரல் மூட்டின் மேல் வைத்துவிட்டு, "அவன் பார்த்துப்பான்மா, நீங்க மருந்தை விடாதீங்கோ" என்றார். வாசலில் கேட்ட பேச்சுக்கு உள்ளே பதில் கிடைத்தது.

வெள்ளி உருவை உண்டியலில் சேர்க்கும்போது தம்பியும் என் கையோடு கை வைத்தான். அம்மாவின் முடிச்சை அங்கேதான் அவிழ்த்தோம். அவளுடைய முடிச்சு கெட்டி. என் விரல் முயன்று பார்த்துத் தோற்றது, தம்பி பல்லால் கடித்து அவிழ்த்தான். அம்பாளையும் முருகனான செல்வமுத்துக்குமரனையும் அங்காரகனையும் நிதானமாகத் தரிசித்தோம். சித்தாமிர்தத் தீர்த்தத்தில் நான் இறங்கவில்லை, படி வழுக்கும். எனக்கு ஒரு புண் வந்தால் ஆறுவது லேசில் இல்லை. மகள் எடுத்து வந்து தலையில் தெளித்தாள். கோயிலில் மருந்தாகக் கொடுக்கிற பிரசாதமான திருச்சாந்துருண்டையை நாக்கில் ஒரு துளி வைத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது வெயில் ஏறிவிட்டது. வரிசையில் போன நேரத்துக்கு விலை. எல்லாரும் ஓட்டமாக ஓடினார்கள். எனக்குச் சூடு தெரியவில்லை, முட்டி ஓடவும் விடாது. மகளும் தம்பியும் நிழல் விழுந்த ஓரமாகவே நடத்திக் கூட்டி வந்தார்கள். மண்டபத்தில் உட்கார வைத்து, காலுறையைக் கழற்றி, மகள் என் பாதத்தை மடியில் வைத்து விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். குதிகால், விரலடி, நகக்கண் ஒன்றையும் விடவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு" என்றாள். தலைக்கு மேல் வேலை இருக்கிற பெண், தினமும் இரவு இதைச் செய்கிறாள். அப்பா வைத்தியநாதா, இவளைக் கொடுத்ததற்கு எப்படி நன்றி சொல்வேன்!

வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். வலி இருக்கிறது. திரும்பி வந்த மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. ஆனால் ஊசியை நான்தான் போட்டுக்கொள்கிறேன். அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் அவர் பெயரைச் சொல்லித்தான் அழுத்துகிறேன்.

முத்துக்குமரனுக்கு நடக்கிற அர்த்தஜாம பூஜையை இந்தத் தடவை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த முறை செவ்வாயைத் தவிர்த்துவிட்டு, ராத்தங்கும்படியாகப் போகலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். வைத்தியநாதன் கூப்பிட வேண்டும், என் முட்டி ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் அவனிடமே விட்டிருக்கிறேன்.