ஹின்னீர்க் கரையில் 'த்வீபா'

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, இன்னும் முழுதாக விடியாத நேரத்தில் தாளகுப்பா ரயிலிலிருந்து கர்நாடகத்தின் சாகராவில் இறங்கினேன். பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த நண்பர் வெளியே ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். அவர் ஊர் அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவு, பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில். பள்ளி ஆசிரியர்களும் சில இளைஞர்களும் சேர்ந்து அங்கே ஒரு திரைப்படச் சங்கம் நடத்துகிறார்கள். மாதம் ஒரு படம். அந்த மாதத்துக்கு கன்னட இயக்குநர் கிரீஷ் காசரவள்ளியின் 'த்வீபா', அதாவது தீவு. "நீங்க அதை லேப்டாப்ல பார்த்திருப்பீங்க. ஒரு தடவை எங்க ஊர்ல வந்து பாருங்க" என்று அவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் உண்டு. அங்கே படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீருக்குள் போன ஊர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

ஷராவதி ஆற்றின் குறுக்கே லிங்கனமக்கி அணை கட்டி முடிக்கப்பட்டது 1964இல். கொள்ளளவு 150 டி.எம்.சி.க்கும் மேல், அதாவது நம் மேட்டூரைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டும். கீழே உள்ள ஷராவதி மின்நிலையம் 1,035 மெகாவாட். கர்நாடகத்தில் பல பத்தாண்டுகளாக விளக்கெரிந்ததில் இந்த ஆற்றின் பங்கு பெரியது. அதற்காக ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் காடும் வயலும் தோட்டமும் நீருக்குள் போயின. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே சொல்தான், 'முளுகடெ'. நம்முடைய 'முழுகு'தான் அது. தேங்கி நிற்கும் அணைநீரை 'ஹின்னீரு' என்கிறார்கள். பின்நீர். இந்த இரண்டு சொல்லையும் எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அம்மா வழிப் பாட்டியின் குடும்பம் மேட்டூர் அணைக்காக ஊரை விட்டுக் கிளம்பியது. கோடையில் நீர் இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். சின்ன வயதில் அதைக் காட்டத்தான் என்னைக் கூட்டிப் போவார்கள். யாரும் அதிகம் பேச மாட்டார்கள்.

பகல் முழுக்கச் சுற்றினோம். முதலில் ஹெக்கோடு. கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற கலை அமைப்பு இங்கேதான் இருக்கிறது. நாடகத்துக்காகத் தெரிந்த பெயர், ஆனால் எழுபதுகளிலேயே அவர்கள் ஒரு திரைப்படச் சங்கமும் வைத்து, உலகப் படங்களை இந்த ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்டவர்களுக்கு அந்தப் பார்வையாளர்களே பதில் சொன்னார்கள். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. சுற்று வட்டாரத்தில் படம் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான் என்று நண்பர் சொன்னார். மதியம் அவர் வீட்டில் நீர் தோசை, தம்புளி. அப்புறம் கொஞ்சம் தூக்கம்.

பள்ளிக்கூட அறையில் வெள்ளைத் துணி கட்டி, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, தரையில் பாய் விரித்திருந்தார்கள். எழுபது பேர் இருக்கலாம். தொடங்குவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் நா. டிசோசாவைப் பற்றிப் பேசினார். படத்தின் மூலக்கதை அவருடைய நாவல். சாகராவில் பிறந்தவர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர், முளுகடெயை அரசாங்கத்தின் பக்கம் நின்றும் பார்த்தவர். 2025 ஜனவரியில் காலமானார். கதாநாயகி நாகியாக நடித்து, படத்தைத் தயாரிக்கவும் செய்த சௌந்தர்யாவைப் பற்றியும் சொன்னார். நமக்கு 'அருணாச்சலம்', 'படையப்பா' சௌந்தர்யா. 2004இல் விமான விபத்தில் போய்விட்டார். இந்தப் படம் 2001ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

கதை சிறியது. சீதா பர்வதம் என்றொரு குன்று, அதில் ஒரு கோயில். பூசை செய்து வாழும் கணபய்யா, அவன் அப்பா துக்கஜ்ஜா, மனைவி நாகி. அணைநீர் ஏறுகிறது. ஊர் காலியாகிறது. கணபய்யாவுக்குக் கிடைக்கும் இழப்பீடு சொற்பம், அதோடு அந்தக் குன்றை விட்டு இறங்கினால் அவன் யாரோ ஒருவன். அதனால் தங்கிவிடுகிறார்கள். அணையைப் படம் பெரிதாகக் காட்டுவதே இல்லை. மழையைத்தான் காட்டுகிறது. ராமச்சந்திராவின் ஒளிப்பதிவில் ஈரம் சுவரில் ஏறுகிறது, விறகில் ஏறுகிறது, பேச்சில்கூட ஏறிவிடுகிறது.

நான் தனியாகப் பார்த்தபோது கணவன் மனைவிக்கு நடுவில் வளரும் சந்தேகத்தைத்தான் கவனித்தேன். இங்கே அறையில் இருந்தவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள், திரையில் பெய்வது புனர்வசு மழையா, ஆஷ்லேஷா மழையா என்று மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மலநாடு என்கிற இந்த மலைப்பகுதியில் மழைக்கு நட்சத்திரக் கணக்கு உண்டு. எந்த மழையில் நாற்று, எந்த மழையில் பாக்குக்கு மருந்து என்று அதற்கொரு ஒழுங்கு. துக்கஜ்ஜாவாக எம்.வி. வாசுதேவ ராவ் வந்ததும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'சோமன துடி' படத்தில் சோமனாக நடித்தவரை அவர்கள் மறக்கவில்லை. வீட்டுச் சாமான்களைப் படகில் ஏற்றும் காட்சியில் ஒரு சத்தமும் இல்லை. என் பக்கத்தில் இருந்த அஜ்ஜி (பாட்டி) சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் மழை நிற்கிறது, நீர் ஏறுவது நிற்கிறது, வீடு தப்பிக்கிறது. எல்லாம் தெய்வ அருள் என்கிறான் கணபய்யா. அத்தனை நாள் அந்த வீட்டைத் தாங்கிப் பிடித்த நாகி அவனைப் பார்க்கிறாள்.

விளக்கைப் போட்டதும் உடனே யாரும் பேசவில்லை. முதலில் ஓர் இளைஞர் எழுந்து இப்போதைய பிரச்சினையைச் சொன்னார். தளகளலே, கேருசொப்பா நீர்த்தேக்கங்களுக்கு நடுவே 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் ஒன்றைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அந்த இடம் சோலைமந்திகளுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். ஆயிரக்கணக்கான மரங்கள் விழும். சிர்சிப் பக்கம் 1983இல் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற அப்பிகோ இயக்கத்தை நினைவுபடுத்தி, "திரும்பவும் அணைச்சுக்க வேண்டியதுதான்" என்றார். மின்சாரம் வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான், பேச்சு சூடானது. முளுகடெயில் வந்தவர்களில் பலர் குடியேறிய நிலத்துக்கு இன்னும் ஹக்குபத்ரா, அதாவது பட்டா, வாங்க முடியாமல் அலைவதும் வந்தது. அறுபது வருடம் ஆகிவிட்டது. எனக்கு அதைக் கேட்கக் கோபமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

அப்புறம் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தார். "கணபய்யா பேர்லயாவது ஒரு ரசீது இருந்திருக்கும். நாகி பேர் எந்தக் காகிதத்துல இருக்கு?" இவ்வளவுதான் கேட்டார். பக்கத்திலிருந்த அஜ்ஜி என் பக்கம் திரும்பி, "நன்ன அம்மன ஹெசரூ இல்ல" என்றார். தன் அம்மா பேரும் எதிலும் இல்லை என்கிறார்.

மறுநாள் காலை நானும் நண்பரும் அந்த அஜ்ஜியின் வீட்டுக்குப் போனோம். அதற்கு முன் அம்பாரகோட்லுவில் புதுப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சிகந்தூர்ப் பாலம், 2025 ஜூலையில் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதுவரை ஹின்னீருக்கு அந்தப் பக்கம் தும்ரி வட்டார மக்களுக்கு லாஞ்ச் எனும் படகுதான் நேர்வழி. சாயங்காலம் கடைசி லாஞ்ச் போய்விட்டால் பிரசவமோ நெஞ்சுவலியோ, காட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். இதுவும் ஒரு தீவு வாழ்க்கைதானே. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தேன். நீலமாக, அசைவே இல்லாமல், எட்டிய வரைக்கும் தண்ணீர். அழகாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

அஜ்ஜிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஊரை விட்டு வந்தபோது ஒன்பதோ பத்தோ. கோடையில் நீர் நன்றாக இறங்கும் வருடங்களில், இந்த நீருக்குள்ளேயே மூழ்கிப்போன பழைய மடேனூர் அணை வெளியே தெரிகிற நேரத்தில், அண்ணனோடு போய்த் தங்கள் வீட்டின் அடிக்கல் வரிசையைப் பார்த்துவிட்டு வருவாராம். துளசி மாடத்தின் பீடம் இன்னும் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது கையால் தரையில் கோடு போட்டு, இங்கே திண்ணை, இங்கே மாட்டுக் கொட்டகை என்று காட்டினார்.

"அளவெடுக்க வந்தவங்க பாக்கு மரத்தை எண்ணினாங்க, வயலை அளந்தாங்க. ஆத்தங்கரையில நின்ன அப்பெமிடி மரத்தை எண்ணல" என்றார். அப்பெமிடி என்பது ஊறுகாய்க்கென்றே உள்ள காட்டு மாவடு. மலநாட்டு ஆற்றங்கரைகளில் வளரும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மணம், சிலது சீரகம் போல, சிலது கற்பூரம் போல. யார் நட்டதும் இல்லை, யார் பட்டாவிலும் இல்லை. லாரியில் சாமான் ஏற்றின அன்றைக்கு அவர் அம்மா திரும்பி ஆற்றங்கரைக்கு ஓடி, மரத்தடியில் முளைத்திருந்த கன்றுகளில் மூன்றை மண்ணோடு பெயர்த்து முறத்தில் வைத்து எடுத்து வந்தாராம். நேரமாகிறது என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். இரண்டு கன்றுகள் பட்டுப்போயின.

மூன்றாவது கொல்லையில் நிற்கிறது. கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்து, என் இரண்டு கைக்கும் அடங்காத அடிமரத்தோடு. அஜ்ஜி ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பிறகு உள்ளே போய்ப் பீங்கான் ஜாடியிலிருந்து நான்கு மாவடுகளை எடுத்து வாழையிலையில் வைத்தார். எந்த வருடத்துடையது என்று கேட்டேன். போன முறை மடேனூர் வெளியே தெரிந்ததே, அந்தக் கோடையில் போட்டது என்றார்.