நைட் ட்யூட்டியும் மூச்சு எண்ணுறதும்
நேத்து நைட் எட்டு மாசக் கொழந்த ஒண்ண சளி இருமல்னு தூக்கிட்டு வந்தாங்க, பாட்டி வேற "தைலம் தேச்சும் கொறயலயேம்மா"ன்னு ஒரே பொலம்பல். நான் முதல்ல சட்டையத் தூக்கி நெஞ்சு வயித்தத்தான் பாத்தேன். அம்மா மடியில அமைதியா இருக்கும்போதே மூச்ச முழுசா ஒரு நிமிஷம் எண்ணிரணும், அழுதா கணக்கே தப்பாயிடும், அர நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குற சோம்பேறித்தனம் எனக்குப் பிடிக்காது. 62 வந்துச்சு. ரெண்டு மாசத்துலேந்து ஒரு வயசுக்குள்ள 50 வந்தாலே வேகமூச்சு, அதுக்கு மேல அஞ்சு வயசு வரை 40. இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி வேற, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, 88 சதவீதம்தான். டாக்டர கூப்ட்டு ஆக்சிஜன் வச்சோம், மூக்குல ட்யூப் ஒட்டுறதுக்குள்ள என் வெரல கடிச்சிருச்சு, பல்லு என்னவோ ரெண்டுதான்!

காலைல பால் குடிக்க ஆரம்பிச்சுது. பாட்டி பக்கத்து பெட்ல தைலத்தோட பேரு சொல்லிட்டு இருந்தாங்க.