காசு வருவதற்கு முன் கதை வந்துவிட்டது

அப்பாவின் லொத்தர் காசு போன கிழமைதான் வங்கிக்கு வந்தது. 40 ரூபாய்ச் சீட்டுக்கு 10 இலட்சம். இடையில் போன இரண்டு மாதமும் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

சின்னப் பரிசு என்றால் திருகோணமலையில் சீட்டு விற்பவரே தந்துவிடுவார். இந்தத் தொகைக்குக் கொழும்பில் இருக்கும் லொத்தர் சபைக்குத்தான் போக வேண்டும். இரவு பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு சரி, இலக்கம் சரி. ஆனால் அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் இரண்டு முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. கவுண்டரில் இருந்தவர் "இது வேறு ஆள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, என்ன கடிதம் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கக் கேட்க அடுத்தவரைக் கூப்பிட்டார். 67 வயதில் 260 கிலோமீற்றர் வந்த மனிதர், சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் வெளியே நடந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கிராம அலுவலர் ஒரே நாளில் கடிதம் தந்தார். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, பிறகு வங்கியில் பெயர்த் திருத்தம். அதற்கு மட்டும் மூன்று கிழமை. பரிசு கோர 6 மாதம் இருக்கிறது, ஆனால் அது அப்பாவுக்கு ஆறுதலாக இல்லை. சீட்டின் பின்பக்கம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி ஒப்பமிட்டது மட்டும்தான் நாங்கள் முதல் நாளே சரியாகச் செய்த வேலை. நீங்கள் போவதற்கு முன் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசில் 14 வீதம் வரி கழியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இதற்குள் சீட்டு விற்றவர் கடையில் அறிவித்தல் ஒட்டிவிட்டார். எங்கள் ஊர் திருக்கடலூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காசு கையில் இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. கூரைக்கு, கலியாணத்துக்கு, வெளிநாட்டுக்குப் போக என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தோணியில் கூடப் போகிறவர்கள், "இனி உங்களுக்கு ஏன் அண்ணை கடல்?" என்று சொல்லி அவரை விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அதுதான் அவரை உடைத்தது.

இரண்டாம் முறை ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வேறொரு அலுவலர், தமிழ் பேசினார், அப்பாவுக்குத் தண்ணீரும் தந்தார்.

அப்பா இப்போது புது இயந்திரம் வாங்கி, பழையபடி விடிய நாலு மணிக்குக் கரைக்குப் போகிறார். சித்தப்பா மட்டும், கேட்ட அன்றே இரண்டு இலட்சம் கொடுக்கவில்லை என்ற கோபத்தில், இன்னும் வீட்டுப் படி மிதிக்கவில்லை.