மொம்பாசாவில் ஒரு கலன் தண்ணீர்

எட்டாம் வகுப்பில் எங்கள் புவியியல் ஆசிரியர் கரும்பலகையில் ஆப்பிரிக்காவை ஒரே இழுப்பில் வரைந்துவிட்டு, கிழக்குக் கரையில் வெண்கட்டியால் ஒரு குத்துக் குத்துவார். "மொம்பாசா. இயற்கைத் துறைமுகம்." அந்தப் புள்ளியில் 2016இல் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காகப் 11 நாள் கட்டிக் கிடந்தது. துறைமுகத்தின் பெயர் கிலிண்டினி. சுவாஹிலியில் ஆழமான நீர் என்று பொருள்.

கப்பல் பொறியியலாளர்களான எங்களை நியாலியில், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் தங்கவைத்தார்கள். உயர்ந்த மதில்கள், காகிதப்பூ வழியும் வாசல்கள். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தில்தான் தினமும் கண் விழிப்பேன்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கிசௌனி. தகரக் கூரைகள் நெருக்கியடித்த ஒழுங்கைகள். ம்கோகொதேனி என்கிற இரண்டு சில்லுக் கைவண்டியில் தண்ணீர் நிரப்பிய 20 லீற்றர் மஞ்சள் கலன்களை அடுக்கி, உடம்பையே சாய்த்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சமையல் எண்ணெய் வந்த பழைய கலன்கள். மூடி தொலைந்தவற்றின் வாயைப் பொலித்தீன் சுருட்டி அடைத்திருக்கும். ஒருநாள் ஒரு பெண் சில்லறையை எண்ணிப் பார்த்து ஒரு கலன் வாங்கினார். இன்னொன்றின் மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

மொம்பாசாவுக்குத் தண்ணீர் வராமல் இல்லை. சாவோ காட்டின் ம்சிமா ஊற்றிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் குழாய் போட்டிருக்கிறார்கள். நகரம் பெருத்த அளவுக்கு அது காணாது. ஆனால் அந்தத் தட்டுப்பாடு தாங்கியும், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியும் உள்ள வீட்டுக்குத் தெரிவதில்லை. கலன் கலனாக வாங்குகிறவர்தான் லீற்றருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். இதைப் போல் அநியாயம் உண்டா?

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. கண்ணுக்குள் எங்கள் வீட்டுக் கிணற்றடிதான் நின்றது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனின் தாய் கட்டுக்கு வெளியே குடத்தோடு நிற்பார். எங்கள் கயிற்றை அவர் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். யாராவது அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று நான் எத்தனையோ நாள் பார்த்தும் பாராதவனாகப் போயிருக்கிறேன்.

அவன் இப்போது ரொறன்ரோவில். விடிந்ததும் அவனுக்குப் போன் எடுத்தேன். அம்மா எப்படியிருக்கிறா என்று கேட்டேன்.

"அம்மா மோசம் போய் ஒன்பது வருசமடா," என்றான்.