முகப்பூச்சைக் கழித்தால் மிஞ்சுவது

புகழுக்கும் இசைக்கும் இடைவெளி மிகுந்த ராக் குழு எது என்று கேட்டால், தயங்காமல் 'கிஸ்' என்பேன். 1973இல் நியூயார்க்கில் தொடங்கிய இக்குழு, வெள்ளை முகப்பூச்சு, மேடையில் உமிழும் நெருப்பு, குழுவின் பாடகர்களில் ஒருவரான ஜீன் சிம்மன்ஸின் நீண்ட நாக்கில் வழியும் போலி இரத்தம் ஆகியவற்றால் பெயர் பெற்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எளிய கிதார் கோவையும் சேர்ந்து கத்துவதற்கென்றே அமைந்த பல்லவியும்தான் மிஞ்சுகின்றன. முதல் மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள் பெரிதாக விற்காத நிலையில், 1975இல் வந்த 'அலைவ்!' என்னும் மேடைப் பதிவே அவர்களைத் தூக்கி நிறுத்தியது என்பது, கூட்டத்தின் ஆரவாரம் இல்லாமல் அப்பாடல்கள் எவ்வளவு மெலிந்தவை என்பதைக் காட்டுகிறது. (அப்பதிவிலும் ஸ்டூடியோ ஒட்டுவேலை உண்டு என்பது வேறு கதை.) குழுவின் முதல் கிதார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலியின் கிதாரை மட்டும் இக்குறையிலிருந்து விலக்குகிறேன், அவருடைய தனி வாசிப்புகளில் முணுமுணுக்கத் தகுந்த மெட்டு இருக்கிறது.