இடாப்பில் ஒன்பதாவது பெயர்

காலை 7.30க்கு மணி அடித்து, செபமும் பாடசாலைக் கீதமும் முடிந்து பிள்ளைகள் அமர்ந்ததும், மேசை லாச்சியைத் திறந்து வரவுப் பதிவேடான இடாப்பை எடுப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலைநாள் இப்படித்தான் தொடங்கியது. நான் கணித ஆசிரியை. ஆனாலும் கற்பித்த நாட்களை நினைத்தால் சமன்பாடுகளுக்கு முன்னே அந்தப் பெயர்கள்தான் வருகின்றன.

மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தேன். துறவற வாக்குறுதியான முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுத்த பிறகு வடகொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு அனுப்பினார்கள். இலங்கைக்கோ அந்த வட்டாரத்துக்கோ கன்னியர் புதியவர்கள் அல்லர். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1869இல் நல்லாயன் கன்னியர் கொட்டாஞ்சேனையில் பள்ளி தொடங்கினார்கள். எங்கள் மடத்தில் இருந்த மூத்த சகோதரி ஒருவர் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் காலத்தைப் பார்த்தவர். அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதற்கு இணங்காமல் வெளியே நின்ற பாடசாலைகளுக்கு அரச நன்கொடையும் இல்லை, கட்டணம் அறவிட அனுமதியும் இல்லை. பழைய பத்திரிகைகளைச் சேர்த்து விற்று வெண்கட்டி வாங்கிய கதையைக் காலைச் சாப்பாட்டு மேசையில் சொல்வார். தங்களைப் பற்றிப் பெருமையாக ஒரு சொல்லும் வராது. எந்தப் பிள்ளை எந்த வாங்கில் இருந்தாள் என்பதுதான் வரும்.

வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிச் செபிக்க என்னைப் பழக்கியவர் அவர்தான். இடாப்பு பாடசாலையைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதால் ஒரு சிறிய கொப்பியில் பெயர்களை எழுதிக்கொண்டேன். மாலைச் செபம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு சிற்றாலயத்தில் அதைத் திறப்பேன். தமிழ்மொழிமூல வகுப்பில் நாற்பது பேர் என்றால் கத்தோலிக்கப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். சமயப் பாடவேளையில் சைவநெறிக்கு ஒரு அறை, இஸ்லாத்துக்கு ஒரு அறை, கத்தோலிக்கத்துக்கு ஒரு அறை என்று பிரிந்து போவார்கள். என் கொப்பியில் அவர்கள் பிரிவதில்லை. நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாளிட்டு சரஸ்வதி, ஸ்டெல்லா, பார்வதி, பாத்திமா என்று சொல்லிக்கொண்டே போவேன். அந்தப் பக்கத்தில் பாத்திமா என்றால் முஸ்லிம் பிள்ளையாகவும் இருக்கலாம், மாதாவின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்கப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஓர் ஆண்டு இரண்டு பாத்திமாக்களும் ஒரே வாங்கில் இருந்தார்கள்.

அந்தக் கொப்பியின் ஒன்பதாவது பெயர்க்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரம் 8. வாரத்தில் மூன்று நாள் பிந்தி வருவாள். வந்தாலும் இரண்டாம் பாடவேளைக்குள் கண் செருகிவிடும். ஒரு நாள் பொறுமை இழந்து, முழு வகுப்பும் கேட்க, "வீட்டில் அம்மா எழுப்பிவிட மாட்டாரா?" என்று கேட்டேன். "இல்லை, சிஸ்டர்" என்றாள். திமிர் என்று நினைத்து, பின்சுவரோடு நிற்க வைத்தேன்.

அன்று மாலை எட்டாவது பெயருக்குப் பிறகு என் வாய் எழவில்லை. தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு தவணையாக அதைப் பார்த்திருக்கிறேன். யாருடையது என்று கேட்டதில்லை.

மறுநாள் பாடசாலை விட்டதும் அவள் இருந்த, தோட்டம் என்று அழைக்கப்படும் குடியிருப்புக்குப் போனேன். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே ஒரு பொதுக்குழாய், அதைச் சுற்றி வாளிகள். அம்மம்மா வாசலில் அரிசி மா அரித்துக்கொண்டிருந்தார். "வாங்க மதர்" என்று எழுந்து, நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். தாய் குவைத்துக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மம்மாவுக்கு அதிகாலை இரண்டு மணிக்கு இடியப்ப வேலை தொடங்கும். ஐந்து மணிக்குள் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். அவித்ததைத் தட்டிலிருந்து எடுத்து நூறு நூறாக எண்ணி அடுக்குவது பேத்தியின் வேலை. "எனக்குக் கணக்கு வராது மதர். அவள்தான் எண்ணுவாள், ஒன்றுகூடப் பிசகாது" என்றார் கிழவி. கணித ஆசிரியையிடம் சொன்ன சொல் அது. வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

அடுத்த நாள் வகுப்பில், எந்த இடத்தில் நின்று ஏசினேனோ அதே இடத்தில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பல பேருக்கு முன்னால் ஏசிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. அதன் பிறகும் பிந்தித்தான் வந்தாள், தூங்கத்தான் செய்தாள். அவளுக்காக நான் செய்ய முடிந்தது சொற்பம். இடைவேளையில் பதினைந்து நிமிடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். வீதக் கணக்கை மட்டும் என்னைவிட வேகமாகச் செய்வாள்.

துறவு என்றால் ஊரில் உறவினர்கள் பிள்ளைகுட்டி இல்லையே என்று கவலைப்படுவார்கள். சம்பளம் முழுவதும் சபைக்குப் போவதையும், பஸ் காசைக் கேட்டு வாங்குவதையும் சொல்லி இரக்கப்படுவார்கள். இவை எனக்குப் பாரமாக இருந்ததில்லை. பாரமாக இருந்தது கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. சபையின் மாகாணத் தலைவியிடமிருந்து வரும் இடமாற்றக் கடிதம் ஒரு பக்கம்கூட இருக்காது. அந்த ஆண்டு மார்கழியில் எனக்கு வந்தது. சாதாரண தரப் பரீட்சை வரை அந்த வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருந்தேன். கடிதத்தை வாசித்துவிட்டுச் சிற்றாலயத்தில் நெடுநேரம் அழுதேன். பிறகு பெட்டியை அடுக்கினேன்.

என் வகுப்பைப் பொறுப்பேற்கும் சகோதரிக்கு அந்தக் கொப்பியையே கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓரிரு வரி எழுதியிருந்தேன்: யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யாரை முன்வாங்கில் வைக்க வேண்டும், யாருடைய தகப்பன் துறைமுகத்தில் இரவு வேலை. ஒன்பதாவது பெயருக்கு எதிரே, "பிந்தி வந்தால் காரணம் கேட்க வேண்டாம், சகோதரி. வந்துவிட்டாளே என்று சந்தோஷப்படுங்கள்" என்று எழுதிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன்.