கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் ஒரு சரவுண்ட் பிராசசர்

ஆறு மாதமாக இந்தச் சரவுண்ட் பிராசசரோடு, அதாவது படத்தின் ஒலியைப் பிரித்துச் சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவியோடு, வாழ்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர்களை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர் இதற்குள் கிடையாது. அதைத் தனியாக வாங்க வேண்டும், கையைக் கடிக்கும். ஆனாலும் நடு ஸ்பீக்கரில் வசனம் துலங்கும் அழகுக்கு அந்தப் பணம் தகும். "என்ன சொன்னான்?" என்று அம்மா இப்போது கேட்பதே இல்லை.

முதலில் பாஸ் எனும் தாழ்ந்த ஒலி அறையெங்கும் உருண்டது. கடைக்காரர் செய்து கொடுத்த அமைப்பு சரியில்லை. ஒரு ஞாயிறு காலை, மின்விசிறியை நிறுத்தி, நாங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தி, ஒலியை நானே மறுபடி அளந்தேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை, பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபருக்குத் தள்ளினேன். அன்றிரவு ஒரு மழைக் காட்சி. துளிகள் தலைக்குப் பின்னால் விழுந்தன. அம்மா எழுந்து, பால்கனியில் காயும் துணியை எடுக்கப் போனார்.